ஏரி லீவில் போன கோடை

உல்வாமோ என்ற ஊரில் ஏரி லீவில் போனது இருபத்தெட்டாம் வாரத்தில், திங்கட்கிழமை காலையில். வாரத்தின் எண்ணைச் சொல்லாவிட்டால் ஸ்வீடன்காரர்களைப் பொறுத்தவரை ஒரு சம்பவம் நடந்ததாகவே கணக்கில்லை. கல்யாணம், பல் பிடுங்குவது, குழந்தைக்குப் பெயர் வைப்பது எல்லாவற்றுக்கும் ஒரு வார எண் உண்டு, ஐம்பத்திரண்டையும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள், ஆனால் இன்று என்ன தேதி என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். அதனால் நானும் அப்படியே சொல்கிறேன். இருபத்தெட்டாம் வாரம், திங்கள், காலை ஆறேகால் மணி, பதினாலாம் நம்பர் பஸ்ஸின் முதல் நடையை எடுத்துக்கொண்டு கரையோர வளைவில் திரும்பினேன், வலது பக்கம் ஏரி இல்லை.

அந்த ஊரில் பஸ் ஓட்டுகிறவன் நான். என் மனைவி பல் டாக்டர் வேலைக்கு வந்தாள், நான் அவள் பின்னால் வந்தேன்; ஞானசேகரன் என்ற என் பெயரை முதல் வாரமே 'யான்' என்று சுருக்கிவிட்டு, அதற்குப் பிறகு ஒன்பது வருடமாக என்னிடம் ஒரு சொந்தக் கேள்வியும் கேட்காமல் மரியாதையாக வைத்திருக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இவர்கள் மொழியில் யாருக்கும் 'நீங்கள்' கிடையாது, நகராட்சித் தலைவரும் நீதான், டாக்டரும் நீதான், தொண்ணூறு வயசுக் கிழவரும் நீதான். அவர்கள் பேசியதை அப்படியே தருகிறேன். நான் பேசியதில் மட்டும் 'நீங்க' வரும், அதை என் வாயால் விட முடியவில்லை.

ஏரி அவசரத்தில் கிளம்பியதாகத் தெரியவில்லை. படகுகளையெல்லாம் சேற்றின்மேல் பக்கவாட்டில் மெதுவாகப் படுக்க வைத்து, கயிறுகளைச் சுற்றி வைத்திருந்தது. நடுவில் இருந்த இரண்டு தீவுகளும், இடுப்புத் துணி அவிழ்ந்தவர்கள் மாதிரி, வேர் தெரிய நின்றுகொண்டிருந்தன. நூறு வருடமாக ஊர்க்காரர்கள் யாருக்கும் தெரியாமல் உள்ளே போட்ட சைக்கிள்கள், பாட்டில்கள், அடுப்புகள், ஒரு முழு ஸ்கூட்டர், எல்லாவற்றையும் இரும்பு தனி, கண்ணாடி தனி, மரம் தனி என்று பிரித்துக் கரையோரம் அடுக்கியிருந்தது. மீன்களைப் பெரும்பாலும் கூட்டிக்கொண்டு போய்விட்டது, பயணம் ஒத்துக்கொள்ளாத கிழட்டு மீன்களை மட்டும் கரையோர வீடுகளின் வாசலில் அவரவர் வாளியிலேயே தண்ணீரோடு விட்டுப் போயிருந்தது. ஊருக்குப் போகும்போது பூச்செடியைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம், அதனால் வாளியைப் பார்த்த யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

என் பஸ்ஸில் அப்போது ஏழு பேர் இருந்தார்கள், ஏழு இரட்டை இருக்கைகளில், ஆளுக்கொன்றாக. ஏழு பேரும் வலது பக்கம் பார்த்தார்கள், பிறகு தங்கள் கைகளைப் பார்த்தார்கள். எங்கள் ஊர் பஸ்ஸாக இருந்தால் அந்நேரம் டிரைவர் இறங்கி, கண்டக்டர் இறங்கி, டீக்கடையிலிருந்து நாற்பது பேர் ஓடிவந்து, ஆளுக்கொரு காரணம் சொல்லி, அரை மணி நேரத்தில் ஒரு கட்சிக் கொடியும் ஏறியிருக்கும். இங்கே ஏழு பேரும் அவரவர் நிறுத்தத்தில் நன்றி சொல்லி இறங்கினார்கள். ஜூலையில் ஒருவரைக் காணவில்லை என்றால் லீவில் போயிருக்கிறார் என்று அர்த்தம், எங்கே என்று கேட்பது அநாகரிகம். பேக்கரியில் மத்தியானம் இரண்டு பேர் பேசிக்கொண்டதைக் கேட்டேன்.

"போயிருக்கு போல."

"ஆமா. வெயிலும் நல்லாத்தான் இருக்கு."

ஒன்பதாயிரம் வருடமாக அங்கே கிடந்த, பதினொரு கிலோமீட்டர் நீளமுள்ள எல்மென் ஏரிக்கு ஊர் கொடுத்த வழியனுப்பு விழா இவ்வளவுதான்.

ஒரே ஒருவர்தான் அன்று ஏரியைத் தேடினார். பார்ப்ரோவுக்கு எழுபத்தாறு வயது, பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் ஆறு ஐம்பதுக்கு என் பஸ்ஸில் ஏறி, ஏழு மணிக்குக் குளிக்கும் துறையில் இறங்குவார். கோடையில் தண்ணீரில், குளிர்காலத்தில் பனிக்கட்டியை வெட்டிய குழியில், வருடம் முழுவதும் ஒரு நாள் தவறாமல். அன்றும் இறங்கினார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பலகைத் துறையின் கடைசி வரை நடந்தார், ஏணியில் இறங்கினார், ஏணியின் கடைசிப் படி காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அடுத்த நடை வரும்போதும் அவர் குளியல் உடையில் ஏரியின் தரையில் நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸை நிறுத்திக் கீழே இறங்கி, கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"யான், இது எங்க போயிருக்கும்?" என்று கேட்டார்.

"தெரியலையே. வந்துடும், நீங்க வாங்க."

"ஸ்தூரே உள்ளே இருக்கான்" என்றார்.

ஸ்தூரே அவருடைய கணவர். காகித ஆலையின் பம்ப் அறையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். ஜூலையில் ஆலை மூடும், ஊரே மூடும், பேக்கரியில் பாதி நாள் ரொட்டி கிடைக்காது, ஆனால் ஏரித் தண்ணீரை இழுக்கும் பம்ப்பை மட்டும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த யாராவது எப்போதும் ஸ்தூரேதான். ஒவ்வொரு வருடமும் பார்ப்ரோ வெயில் அடிக்கிற தேசத்துக்குப் போகலாம் என்பார், அவர் அடுத்த வருஷம் என்பார். ஓய்வு பெற்று இரண்டு மாதத்தில், மார்ச் மாதம், செருப்பைப் போட்டுக்கொண்டே செத்துப்போனார். அவர் கேட்டுக்கொண்டபடி, அனுமதி வாங்கி, அஸ்தியை எல்மெனில் கரைத்தார்கள். அன்றிலிருந்து நான்கு வருடமாக பார்ப்ரோ தினமும் காலையில் அவரிடம் போய்வருகிறார், இது ஊருக்கே தெரியும், ஊர் இதைப் பற்றிப் பேசியதே கிடையாது.

ஏரி போனதும் ஊருக்கு ஒரு சின்னச் சங்கடம் வந்தது. லீவில் போவது உரிமைதான், ஆனால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், அதுதான் ஒழுங்கு. நகராட்சி அலுவலகத்தில் ஜூலையில் ஒரே ஒரு ஆள்தான் இருப்பார், அந்த வருடம் அது ஆங்கி. ஊழியர்களின் லீவு, சம்பளம், முதுகுவலிக்கு ஏற்ற நாற்காலி இவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆங்கி ஐம்பத்தைந்து வயதுப் பெண், நேர்மைக்குப் பெயர் போனவர், அதனால் பலருக்கும் தூக்கத்தைக் கெடுத்தவர். மூன்று நாள் பழைய கோப்புகளைப் புரட்டினார். ஆலைக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுப்பது, கோடையில் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க இடம் தருவது, குளிர்காலத்தில் உறைந்து விளையாட்டு மைதானமாக நிற்பது, சுற்றுலாப் புத்தகத்தின் அட்டையில் போஸ் கொடுப்பது என்று ஏரிக்கு நகராட்சி ஆண்டாண்டாக வேலைகளைக் கொடுத்துவந்திருக்கிறது, ஒரு நாள் லீவு கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

"அது கேட்காதது அதோட குணம், கொடுக்காதது நம்ம தப்பு" என்று சொல்லிவிட்டு, வருடத்துக்கு இருபத்தைந்து நாள் என்ற விதிப்படி முன்தேதியிட்டு லீவை அனுமதித்து, முத்திரை குத்தி, குளிக்கும் துறையில் ஒட்டினார். 'எல்மென் லீவில் உள்ளது. முப்பத்துமூன்றாம் வாரம் பணிக்குத் திரும்பும்.' நாய்களோடு நடக்க வந்தவர்கள் நின்று படித்துவிட்டு, நிம்மதியாகப் போனார்கள். அதற்குப் பிறகு ஊர் ஏரி இல்லாமல் இருக்கப் பழகியது. சேறு காய்ந்ததும் வெள்ளைச் சுண்ணாம்பில் கோடு போட்டுக் கால்பந்து ஆடினார்கள், தீவுகளுக்கு நடந்தே போய்க் காப்பி குடித்தார்கள், நகராட்சி நீச்சல் குளத்தில் வாளி மீன்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, காலை எட்டு முதல் பத்து வரை மீன்கள், பத்து மணிக்கு மேல் மனிதர்கள் என்று பலகை வைத்தார்கள்.

இருபத்தொன்பதாம் வாரம் ஏரியிடமிருந்து ஒரு படத் தபால் அட்டை வந்தது. பாதி நனைந்திருந்தது. படத்தில் நீலக் கடலும் வெள்ளை வீடுகளும், ஓரத்தில் கிரேக்கத் தீவு ஒன்றிலுள்ள ஒரு ஓட்டலின் முத்திரை. பின்பக்கம் மூன்றே வரி: 'காற்று 31. தண்ணீர் 26. எல்லாம் நல்லபடி.' லீவில் போனவர்கள் இந்த ஊருக்கு எழுதும் கடிதம் எல்லாமே இப்படித்தான் இருக்கும், வெயில் எத்தனை டிகிரி என்பதைத் தவிர வேறு சுகதுக்கம் எழுத மாட்டார்கள். ஆங்கி அதை நூலகத்தின் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார், ஆட்கள் வரிசையில் நின்று, ஆளுக்கு இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு, வந்து பார்த்தார்கள்.

பார்ப்ரோவும் வரிசையில் நின்றார். அன்று சாயங்காலம் என் பஸ்ஸில் ஏறியவர் வழக்கமான இருக்கைக்குப் போகாமல் என் பின்னால் நின்றுகொண்டார்.

"யான், ஏரிக்குக் கை கிடையாது. யாரையாவதுதான் எழுதச் சொல்லியிருக்கும்."

"இருக்கும்."

"அந்த மூணுங்கிற எண்ணுக்கு மேல ஒரு கோடு இழுத்திருக்கான் பார்த்தியா. முப்பத்தெட்டு வருஷம் பம்ப் அறை நோட்டுல காற்று எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு எழுதின கை அது." கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "என்னோட ஒரு வாரம் வர நேரமில்லாதவன், ஏரியோட அஞ்சு வாரம் போயிட்டான். எல்லாம் நல்லபடியாம்."

கோபத்தில் அவர் கழுத்து சிவந்திருந்தது. சிரிப்பதா அழுவதா என்று எனக்கும் தெரியவில்லை, கியரை மாற்றினேன்.

"இன்னும் நாலு வாரம்தானே, முப்பத்துமூணாம் வாரம் வந்துடுவாரு" என்றேன்.

"வரட்டும், பேசிக்கிறேன்" என்றார்.

முப்பத்துமூன்றாம் வாரம் பேசிக்கொள்ளலாம் என்பதுதான் அவர் நம்பிக்கை. அதில் மண்ணைப் போட்டது யாருடைய கெட்ட புத்தியும் இல்லை, ஆங்கியின் நல்ல புத்தி. அந்த வியாழக்கிழமை நூலகத்தின் பின் அறையில் கூட்டம் கூட்டினார். நகராட்சித் தலைவர் ரோகர் கோடை வீட்டிலிருந்து அரை டிரவுசரோடு வந்தார், அறுபது பேர் வந்தார்கள், காப்பியும் இலவங்கப்பட்டை பன்னும் வைத்தார்கள். பஸ் ஓட்டுகிறவனுக்கும் ஓட்டு உண்டு என்பதால் நானும் போயிருந்தேன்.

"இந்த வருஷ லீவை மட்டும் கொடுத்துட்டு சும்மா இருந்தா அது நியாயமா?" என்று கேட்டார் ஆங்கி. "பனி உருகினதிலிருந்து ஒன்பதாயிரம் வருஷம் அது வேலை செஞ்சிருக்கு. வருஷத்துக்கு இருபத்தஞ்சு நாள். ரெண்டு லட்சத்து இருபத்தஞ்சாயிரம் நாள் சேர்ந்திருக்கு."

"சனி ஞாயிறு சேர்த்தா?" என்றார் ரோகர்.

"சனி ஞாயிறு லீவு நாளாகாது. வேலை நாளை மட்டும் எண்ணினா எண்ணூத்து அறுபத்தஞ்சு வருஷம் வருது."

எண்ணூற்று அறுபத்தைந்து வருடம் அதிகம் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கும், ஆனால் நியாயம் என்று ஒருவர் சொன்ன பிறகு அதை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் உல்வாமோவில் இல்லை. ஆலைக்கு ஆற்றுத் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள், குடிநீருக்குக் கிணறுகள் இருக்கின்றன, ஸ்கேட்டிங்குக்கு மைதானத்தில் குழாய் வைத்துத் தண்ணீர் அடித்தால் உறைந்துவிடும், அட்டைப் படத்துக்கு மாதா கோவிலைப் போட்டுக்கொள்ளலாம். அரை மணி நேரத்தில் ஏரி செய்த எல்லா வேலைக்கும் மாற்று ஆள் கிடைத்துவிட்டது. ரோகர் கைதூக்கச் சொன்னார், ஐம்பத்தொன்பது கைகள் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது, அதை மறைக்கப் போவதில்லை, எல்லோரும் தூக்கும்போது தூக்காமல் இருக்க ஒன்பது வருடத்தில் எனக்கும் தைரியம் போயிருந்தது. பார்ப்ரோ கையைத் தூக்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

தட்டில் ஒரு பன் மிச்சம் இருந்தது. கடைசித் துண்டை இந்த ஊரில் யாரும் எடுக்க மாட்டார்கள். ஒருவர் வந்து பாதியை வெட்டி எடுத்துக்கொள்வார், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி, அடுத்தவர் அதிலும் பாதி, கூட்டம் கலையும்போது எப்போதும் தட்டில் ஒரு கடலை அளவு பன் மிஞ்சியிருக்கும், அதைக் குப்பையில் போடுவதற்கும் ஆள் முன்வர மாட்டார்கள்.

திரும்பும் வழியில் பார்ப்ரோ மட்டும்தான் பஸ்ஸில் இருந்தார். அவர் நிறுத்தம் வந்தது, இறங்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், அதே இரட்டை இருக்கையில், இந்த ஊரில் நான் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஏன் நீங்க ஒண்ணும் சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? எல்லாருக்கும் நியாயமாப் படுது. எனக்கு ஒருத்திக்கு மட்டும் வேணும்னு எப்படிக் கேட்கிறது?"

"வாயைத் திறந்துதான்" என்றேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "எங்க ஊர்ல இதுக்குள்ள நீங்க நகராட்சி வாசல்ல உட்கார்ந்து தலையில மண்ணை வாரிப் போட்டிருப்பீங்க, நாங்க பத்துப் பேர் பின்னால உட்கார்ந்திருப்போம்."

"மண்ணு எதுக்கு?" என்று கேட்டார், ஆர்வமாக.

"அது கிடக்கட்டும். அந்தத் தீர்மானத்துல கீழ என்ன போட்டிருக்கு? மூணு வாரத்துக்குள்ள ஆட்சேபணை சொல்லலாம்னு போட்டிருக்கா இல்லையா?"

"அது போடறது வழக்கம். யாரும் சொன்னது கிடையாது."

"எண்ணூத்து அறுபத்தஞ்சு வருஷம், பார்ப்ரோ."

அவர் கைப்பையைத் திறந்து மூடினார். "அவன் குரல் எப்படி இருக்கும்னு இப்பவே எனக்குப் பாதி மறந்துபோச்சு" என்றார். "தண்ணிக்குள்ள காது முங்கினாத்தான் ஞாபகம் வருது."

முப்பத்தோராம் வாரம், செவ்வாய், ஆட்சேபணைக் கூட்டம். ஆட்சேபணை கொடுத்தவர் யார் என்று அறிவிப்புப் பலகையில் பெயர் போட்டிருந்ததால் ஊர் மொத்தமும் வந்திருந்தது, பாதிப்பேர் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். காப்பி முடிந்தது, பன்னும் முடிந்து கடைசி ஒன்று தட்டில் இருந்தது. ரோகர், ஆட்சேபணை உள்ளவர் பேசலாம் என்றார். பார்ப்ரோ எழுந்து மேசைக்குப் போனார், அந்தக் கடைசி பன்னை முழுசாக எடுத்தார், எல்லோரும் பார்க்க, அவசரமில்லாமல், முழுசாகத் தின்றார். முன்வரிசையில் ஒரு அம்மாள் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு ஏரி வேணும். நியாயம்னு சொல்லலை, விதி இருக்குன்னு சொல்லலை. என் புருஷன் அதுக்குள்ள இருக்கான், எனக்கு அவன் வேணும்."

ரோகர் தொண்டையைக் கனைத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் பனிக்கட்டி உடைந்து உள்ளே போன தன் தம்பி இன்னும் கிடைக்கவில்லை, அவனும் அங்கேதான் இருக்கிறான், மாற்று ஏற்பாடுகளைக் கைதூக்கி ஏற்றுக்கொண்டபோது தனக்கு அது ஞாபகம் வந்தது, ஆனால் தலைவராக இருந்துகொண்டு எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டதாகச் சொன்னார். பின்னால் ஒருவர் தன் கல்யாண மோதிரம் உள்ளே இருக்கிறது என்றார், விழுந்ததா போட்டதா என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் தன் நாயைச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு பெண், தனக்கு அதில் யாரும் இல்லை, ஆனால் காலையில் எழுந்து அது அங்கே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தன்னால் பல் தேய்க்க முடியும், மூன்று வாரமாகத் தேய்த்தது தேய்த்த மாதிரி இல்லை என்றாள். ஆங்கி எழுந்து, சேர்த்து வைத்த நாட்களை எண்ணியதில் தவறில்லை, எண்ணுவதற்கு முன்னால் இதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும், அது தன் தவறு என்று சொல்லி, மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தார்.

இருந்தாலும் கொடுத்த லீவைப் பிடுங்க முடியாது, அது நாகரிகமான எந்த ஊரிலும் நடக்காது. ஒரே வழி, திரும்பி வர முடியுமா என்று கேட்டு எழுதுவது. லீவில் இருப்பவரைத் தொந்தரவு செய்வதைவிடப் பெரிய பாவம் உல்வாமோவில் இல்லை என்பதால் அந்தக் கடிதத்தை மூன்று மணி நேரம் எழுதினார்கள். ஒருவர் 'வசதிப்பட்டால்' சேர்த்தார், ஒருவர் 'எந்த அவசரமும் இல்லை' சேர்த்தார், ஒருவர் 'வெயிலை அனுபவிக்கவும்' சேர்த்தார். நான்கு பக்கம் வந்தது. பார்ப்ரோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இதுல வான்னு எங்க இருக்கு?"

ஆங்கி மூன்றாம் பக்கத்தைக் காட்டினார். திரும்புதல் குறித்து உரிய தருணத்தில் சிந்திக்க நேர்ந்தால் ஊர் அதை வரவேற்கும் வாய்ப்பு உண்டு என்று எழுதியிருந்தது.

பார்ப்ரோ நூலக மேசையிலிருந்து ஒரு தபால் அட்டையை எடுத்தார், நின்றபடியே எழுதினார், அந்தத் தீவின் ஓட்டல் முகவரியைப் போட்டார், தபால் பெட்டி ரயில் நிலையத்தில் இருப்பதால் என்னிடம் கொடுத்தார். படிக்காதே என்று அவர் சொல்லவில்லை, நானும் நல்லவன் இல்லை, சிவப்பு விளக்கில் நின்றபோது படித்தேன். ஏரிக்கு எழுதவில்லை அவர். 'ஸ்தூரே, முப்பத்தெட்டு வருஷம் பம்ப் இருக்குன்னு சொன்னே, நானும் சரின்னு இருந்தேன். சரி இல்லை. ஒரு நாளும் சரியா இருந்ததில்லை. வீட்டுக்கு வா, எனக்கு எழுபத்தாறு ஆச்சு.'

எட்டு நாள் பதில் இல்லை. பார்ப்ரோ தினமும் ஆறு ஐம்பதுக்கு ஏறி, துறையில் இறங்கி, கால்பந்துக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார். தபால் போய்ச்சேர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார், நான் சொன்னேன், அடுத்த நாளும் கேட்டார்.

முப்பத்திரண்டாம் வாரம், வியாழன், மத்தியானம் இரண்டு மணிக்கு, லீவு முடிய இன்னும் நாட்கள் இருக்கும்போதே, ஏரி தெற்கு நெடுஞ்சாலை வழியாக வந்தது. வலது ஓரமாகவே வந்தது, வளைவுகளில் வேகத்தைக் குறைத்தது, ரவுண்டானாவில் முறையாகச் சுற்றியது. நான் பஸ்ஸை ஒதுக்கி நிறுத்தினேன். பதினொரு கிலோமீட்டர் ஏரி எங்களைக் கடந்து போக நாற்பது நிமிடம் ஆனது. தண்ணீர் ஜன்னல் உயரத்துக்கு நின்று நகர்ந்தது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை, மீன்கள் எங்களைப் பார்த்தன, நாங்கள் மீன்களைப் பார்த்தோம். ஏரி கொஞ்சம் கறுத்திருந்தது. வெயில் கிரீம் வாசனை அடித்தது. நடுவில் ஒரு சாய்வு நாற்காலியும் வழி தவறி வந்துவிட்ட ஒரு ஆக்டோபஸும் போயின.

பஸ்ஸில் பார்ப்ரோ இருந்தார். கடைசித் தண்ணீர் போனதும் "கதவைத் திற" என்றார். திறந்தேன், பிறகு நிறுத்தமில்லாத இடத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு நானும் பின்னால் போனேன்.

கரையில் ஊர் முழுக்க நின்றது, வழக்கமான இடைவெளியோடு. "வந்திருக்கு" என்றார் ஒருவர். "ஆமா" என்றார் இன்னொருவர். ஏரி தெற்குக் கோடியிலிருந்து மெதுவாகப் பரவிக்கொண்டு வந்தது, படகுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நிமிர்த்தியது, தீவுகளின் இடுப்பை மூடியது. பார்ப்ரோ துறைக்குப் போகாமல் நேராகச் சேற்றில் இறங்கி நடந்தார், கோட்டோடு, காலணியோடு. தண்ணீர் அவரிடம் வந்தது, கணுக்காலுக்கு, முழங்காலுக்கு, இடுப்புக்கு. அவர் இரண்டு உள்ளங்கையாலும் அதை அடித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு எண்ண முடியாதபடி.

"என்னை விட்டுட்டுப் போனியே" என்றார். "என்னை விட்டுட்டு. கூப்பிட்டா வரமாட்டேனா. நான் வரமாட்டேனா, ஸ்தூரே." பிறகு வார்த்தை எதுவும் இல்லாமல், வாய்விட்டு, உரக்க அழுதார்.

உல்வாமோவில் யாரும் வெளியில் அழுது நான் பார்த்ததில்லை. நான் அவரிடம் ஓடப் பார்த்தேன். எங்களுக்கு அதுதான் தெரியும், ஒருவர் அழுதால் பத்துப்பேர் போய்ப் பிடித்துக்கொள்வது. அப்போது பார்த்தேன், ஊர் மொத்தமும் திரும்பிக்கொண்டது. ஒருவரும் சொல்லாமல், எல்லோரும் ஒன்றாக, ஏரிக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து நின்றார்கள். ஒன்பது வருடமாக இந்த முதுகுகளைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான், கல் நெஞ்சு என்று என் மனைவியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் முதல்முறையாக எதிர்ப்பக்கத்திலிருந்து அவர்கள் முகங்களைப் பார்த்தேன். ரோகர் காலியாக நின்ற என் பஸ்ஸின் நம்பர் பலகையை மிகுந்த கவனத்தோடு படித்துக்கொண்டிருந்தார், கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆங்கி உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். நானூறு பேர் தோளோடு தோள் நின்று, நடுவில் இடைவெளி இல்லாமல், அவளும் அவனும் தனியாக இருக்கட்டும் என்று ஒரு சுவர் கட்டியிருந்தார்கள்.

ரோகர் லேசாக நகர்ந்து எனக்கு இடம் விட்டார். போய் நின்று, நானும் திரும்பிக்கொண்டேன். பின்னால் வெகுநேரம் அழுகையும், அப்புறம் திட்டும், அப்புறம் ஒரு நீண்ட முணுமுணுப்பும் கேட்டன. பார்ப்ரோ சிரிக்கும் சத்தம் வரும்வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.